மகன் போனுக்கு வருகிற நம்பர்

எழுபது வயசு தாண்டினவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவைச் சர்க்காரே ஏற்றுக்கொள்கிறதாம் என்று எனக்கு முதலில் சொன்னது செல்லக்கனி மைனிதான், போன குருத்தோலை ஞாயிறு அன்று, ஆராதனை முடிந்து வருகிற வழியில், ஓலைச் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மூச்சு வாங்க நின்றபோது. "ஏளா ஞானப்பூ, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், இந்தத் தொட்டிகிட்ட வந்தா நீ நிக்க. என்னன்னு கேட்டா செருப்பு வார் கழண்டுட்டுன்னு சொல்லுத. தினமும் கழலுத செருப்ப எந்தக் கடையிலளா வாங்குன" என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரிக்கிறதற்கும் மூச்சு வேண்டியிருந்தது. சர்க்கார் கார்டு ஒன்று தருகிறதாம், அதைக் கொண்டுபோனால் படுக்க வைத்துப் பார்த்து அனுப்புகிறார்களாம், அவள் கொழுந்தனுக்கு அப்படித்தான் சிறுநீரகக் கல் எடுத்தார்களாம், பெரிய மனுஷன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றாராம். மைனியின் நச்சரிப்பில்தான் பெரியாஸ்பத்திரிக்கே போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் பிள்ளை, என் மகள் பியூலா வயசுதான் இருக்கும், இருதயத்துக்குப் போகிற குழாயில் ரெண்டு இடத்தில் அடைப்பு என்றாள், தள்ளிப்போட வேண்டாம், கார்டை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுங்கள், ஆப்பரேஷன் அன்றைக்குக் கூட ஆள் வேண்டும் என்றாள். அப்புறம், "கூட யாரு வந்திருக்கா" என்று கேட்டாள். மகன் வெளியே நிக்கான் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் ஆண்டவரே. வெளியே ஒரு குப்பைத்தொட்டியும் ஒரு தள்ளுவண்டியும்தான் நின்றது. மகன் ஓசூரில் நிற்கிறான், கார் சாமான் செய்கிற கம்பெனியில், அவனுக்கு நான் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே தெரியாது. டாக்டர் பிள்ளை எட்டிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும். எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இன்றைக்கு மைனி கூட வருகிறதாகத்தான் இருந்தது. காலையிலேயே பேத்திக்கு வலி எடுத்துவிட்டது என்று சாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும். தாயும் பிள்ளையும் வேறு வேறாகட்டும். அதனால் நான் மட்டும் பெரியாஸ்பத்திரியில் இந்தக் கார்டு எடுக்கிற அறைக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பை, பையில் ஆதார், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒரு புதிய ஏற்பாடு, ரெண்டு பிஸ்கட். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கிற பிள்ளை பேர் முப்புடாதி, கழுத்தில் தொங்குகிற அட்டையில் போட்டிருக்கிறது. நல்ல சிரித்த முகம். கறுப்பாக ஒரு சின்ன மெஷினை நீட்டி விரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த விரல். சிவப்பு. தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னாள், துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள், அவளே என் விரலைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். "ஆச்சி, ரேகையவே காணுமே, எங்க கொண்டு போட்டீய" என்றாள். "பீடியில போட்டேன் யம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "எங்க அம்மைக்கும் இப்படித்தான்" என்றாள். கல்யாணமாகி வந்த மறுவாரம் மாமியார் பீடி முறத்தை மடியில் வைத்தாள், கண் மங்கின பிறகுதான் இறக்கி வைத்தேன். இலையும் தூளும் நூலுமாக உருட்டி உருட்டி விரலெல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அந்த ரேகைதான் மகன் எபனேசருக்குப் பாலிடெக்னிக், அந்த ரேகைதான் பியூலாவுக்கு நர்ஸ் படிப்பு. ரேகை போனால் என்ன, நம்பர் அனுப்புகிறேன், உங்கள் போனுக்கு வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள் முப்புடாதி. என் போனை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அவள் திரையைப் பார்த்து, "ஆதார்ல குடுத்த நம்பர் இது இல்லையே ஆச்சி, அறுவத்தஞ்சுல முடியுதே" என்றாள். அது எபனேசர் நம்பர். ஓசூரில் அவன் சட்டைப் பையிலோ பெட்டியிலோ அது போய் விழுந்து கிடக்கிறது, அவன் எடுத்துச் சொல்ல வேண்டும். என் போனில் ரெண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் அவனுக்குப் போகும். போனது. மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. "வேலையில இருப்பாரு, கூப்பிடுவாரு, வெளிய உக்காருங்க ஆச்சி, வந்த உடனே நேரா உள்ள வந்திருங்க" என்றாள். அதனால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். எங்கள் பிதாவே என்று தொடங்கி அன்றன்றுள்ள அப்பம் வரைக்கும் போனேன், அதற்குள் போன் அதிர்ந்த மாதிரி இருந்தது, எடுத்துப் பார்த்தால் அதிரவில்லை, என் கைதான். மறுபடி முதலிலிருந்து. கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்களாம், வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டுமாம், டீக்கு விடும்போதுதான் எடுப்பானாம். எடுத்ததும் பார்ப்பான். அம்மா என்று இருக்கும். அம்மா என்றுதான் போட்டிருப்பானா, இல்லை ஊர் என்று போட்டிருப்பானா. அவன் அப்பா இருந்தபோது வீடு என்று போட்டிருந்தான், நான் பார்த்திருக்கிறேன். ஆதார் எடுக்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மெஷின் கொண்டுவந்து வைத்தபோது எங்கள் வீட்டில் போன் வைத்திருந்தது அவன் ஒருத்தன்தான். யார் நம்பர் போட என்று கேட்டார்கள். அவன் அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பெரியவன் நம்பரப் போடுங்க சார், எங்களுக்கு எல்லாம் அவன்தான்" என்றார். அவருக்கு, எனக்கு, பியூலாவுக்கு, எல்லாருக்கும் அறுபத்தைந்தில் முடிகிற அந்த நம்பர். பியூலா மஸ்கட் போகிறபோது மாற்றிக்கொண்டாள். அவர் ஆண்டவரிடம் போய்விட்டார். மிச்சம் நான் ஒருத்திதான் அந்த நம்பருக்குள் இருக்கிறேன். ரேஷனில் அரிசி வாங்கினால் அவனுக்குச் செய்தி போகும், என் அம்மா இத்தனை கிலோ அரிசி வாங்கினாள் என்று. அதைப் பார்ப்பானா. பார்த்தால் அம்மா சாப்பிடுகிறாள் என்று தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு, வேண்டாத மாதத்திலும் போய் வாங்கிப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறேன்.

கேஸ் சிலிண்டருக்கும் அப்படித்தான். வண்டிக்காரர் வந்து நம்பர் கேட்பார், நம்பர் அவனுக்குப் போகும், அவன் எனக்குக் கூப்பிடுவான். "யம்மா, கேஸ்காரரு வந்திருக்காரா, எழுதிக்கோங்க" என்பான். நான் கரித்துண்டால் அடுப்படிச் சுவரில் எழுதுவேன். எழுதிய பிறகும், சரியாக எழுதினேனா இன்னொரு தடவை சொல்லு எய்யா என்பேன். சொல்லுவான். அவன் குரலில் அந்த நம்பர் கேட்க நன்றாக இருக்கும், சின்னப் பிள்ளையில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி, நடுவில் கொஞ்சம் நிறுத்தி. சரி வைக்கேன்மா என்பான். அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும், சண்டை ஒன்றும் இல்லை. மருமகள் ஷீபாவும் நல்ல பிள்ளைதான். ஓசூரில் போய் இருந்து பார்த்தேன், எல்லாரும் காலையில் போய்விடுவார்கள், சாயங்காலம் வந்து களைத்துப் படுப்பார்கள், நான் பால்கனியில் நின்று கீழே போகிறவர்களின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி கேட்கவில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை. போன மழைக்காலத்தில் கேஸ் தீருமுன்பே பதிந்துவிட்டேன். வண்டிக்காரர் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, "என்ன ஆச்சி, பாதிகூட தீரல, வீட்டுல விசேஷமா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மகன் பேசுகிறான் என்பது விசேஷம் இல்லையா.

பக்கத்தில் ஒரு தாத்தாவும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு விரல் பதிந்துவிட்டது, அந்த அம்மாவுக்கும் பதிந்துவிட்டது, கார்டு வரக் காத்திருக்கிறார்கள். அந்த அம்மா சொல்கிறாள், "அஞ்சு லெச்சம் வரைக்கும் பாப்பாவளாம், உங்களுக்கு எதுக்கு அம்புட்டு, வாய்க்கு மட்டும் ஒரு தையல் போடச் சொல்லுதேன்." தாத்தா அசரவில்லை. "அதுக்கு கார்டு செல்லாதாம், விசாரிச்சிட்டேன்" என்கிறார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், நானும் சிரித்தேன். "நீங்க தனியா வந்தீயளாக்கும்" என்று கேட்டாள். மகன் போன் பேசப் போயிருக்கான் என்றேன். பாருங்கள் ஆண்டவரே. மறுபடியும். நாக்கு தானாகச் சொல்கிறது, நான் சொல்லச் சொல்லவில்லை. குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்தாற்போல அந்தப் பொய் எப்போதும் தயாராக இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்திலும் இப்படித்தான். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் ஜெபக்குறிப்பு சொல்லுவோம். ஒருத்தி முழங்கால் வலி என்பாள், ஒருத்தி மருமகன் குடி என்பாள், எல்லாரும் ஐயோ என்று தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுக்காக மன்றாடுவோம். என் முறை வந்தால், எனக்கு ஒண்ணுமில்ல, பிள்ளைகளுக்காக ஜெபிச்சுக்கோங்க என்பேன். எபனேசர் அப்பா படுக்கையில் கிடந்த மாசமும் அதைத்தான் சொன்னேன். ஸ்கேன் பார்த்து வந்த வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொன்னேன், செல்லக்கனி மைனி மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எனக்கு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இன்னும் கொஞ்சம் என்று கேட்கிற மாதிரி.

குழாய் வழியாக ஒரு கம்பியை விடுவார்களாம், கையிலிருந்தோ தொடையிலிருந்தோ. முழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமாம். அதெல்லாம் எனக்குப் பயம் இல்லை, ரெண்டு பிள்ளை பெற்றவள். எனக்குப் பயம் வேறு. இப்போது அவன் கூப்பிடுவான். நம்பர் சொல்லுவான். அந்தச் செய்தியில் என்ன எழுதியிருக்கும், ஆஸ்பத்திரிக் கார்டு என்று எழுதியிருக்குமா. எழுதியிருந்தால் எதற்கு என்று கேட்பானா. கேட்டால் சொல்லிவிடலாம். அடைப்பு எய்யா, ரெண்டு இடத்தில், ஆப்பரேஷன் அன்றைக்கு நீ வந்து பக்கத்தில் நில்லு, வேறு ஒன்றும் வேண்டாம். பஸ்ஸில் வரும்போது இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், கண்டக்டர் டிக்கெட்டு டிக்கெட்டு என்று முன்னால் நின்றதுகூடத் தெரியவில்லை. நானாகச் சொல்ல மாட்டேன். அவன் கேட்டால் சொல்லுவேன். அதுதான் எனக்கும் உமக்கும் உள்ள உடன்படிக்கை ஆண்டவரே, வேதத்தில் உள்ளது மாதிரி ஆட்டுத்தோலை நனைத்து அடையாளம் காட்ட வேண்டாம், அவன் எதுக்கும்மா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காவிட்டால். கேட்காவிட்டால் என்ன, அவனுக்கு அங்கே மெஷின் சத்தம், மேஸ்திரி கூப்பிடுவார், டீ ஆறிப்போகும். கேட்காவிட்டால் நான் தனியாகத்தான் வந்து படுக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் யாராவது நிற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன், நான் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க. ஒருவேளை கம்பி போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் அவனுக்கு யார் சொல்லுவார்கள். முன்பின் தெரியாத ஒரு ஆள் சொல்லுவார். அவன் பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் டீயோடு. அந்த டீயைக் கீழே வைக்க இடம் இருக்குமா.

போன் அதிர்ந்தது. இந்தத் தடவை என் கை இல்லை. எழுந்து உள்ளே போகப் போகவே காதில் வைத்தேன். "யம்மா, சொல்லுங்க, கூப்பிட்டிருந்தீயளே" என்றான். பின்னால் கடகடவென்று சத்தம். "எய்யா, ஒனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்." "வந்திருக்கு, சொல்லட்டுமா." முப்புடாதி கையை ஆட்டினாள். "அந்த நம்பர் காலாவதியாயிட்டு ஆச்சி, புதுசு அனுப்புதேன், லைன்லயே இருக்கச் சொல்லுங்க, நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு." சொன்னேன். "சரி, இருக்கேன்" என்றான். இருந்தான். ஒன்றும் பேசாமல் ரெண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவன் மூச்சு விடுகிறது கேட்டது. சின்ன வயசில் சளி பிடித்தால் ஒரு பக்கத்து மூக்கு மட்டும் விசில் அடிக்கும், இப்போதும் அடித்தது. டீ குடிக்கிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அது சுற்றட்டும் என்று நினைத்தேன், சாயங்காலம் வரைக்கும் சுற்றட்டும். பேரன் எப்படி இருக்கான் என்று கேட்கலாம். கேட்டால் அவன் நினைப்பு அந்தப் பக்கம் போய்விடும். நான் பேசாமல் இருந்தேன், அவனுக்கு இடம் விட்டு. அப்போது அவன் கேட்டான். ஆண்டவரே, அவன் கேட்டான். "எதுக்கும்மா இந்தக் கார்டு. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா."

"இல்லய்யா" என்றேன். "எல்லாரும் எடுத்து வைக்காவ, நானும் எடுத்து வைக்கேன். செல்லக்கனி அத்தை சொன்னா." "நெசமாத்தான" என்றான். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன், ஒரு சிரிப்பும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு எங்கே இருந்து வந்தது. "ம். எடுத்து வைக்கது நல்லதுதான்" என்றான். வட்டம் நின்றது. நம்பர் வந்துவிட்டது. அவன் சொல்லச் சொல்ல நான் சொல்ல, முப்புடாதி தட்டினாள், நடுவில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். பச்சை விளக்கு எரிந்தது. "ஆயிட்டா" என்றான். ஆயிட்டு எய்யா என்றேன். "சரி வைக்கேன்மா, மணி அடிச்சிட்டான்." வைத்துவிட்டான். போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. நீர் கேட்க வைத்தீர், நான்தான் சொல்லவில்லை. பஸ்ஸில் அவ்வளவு நேரம் சொல்லிப் பார்த்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்று. இவ்வளவு நாளும் அவன் கேட்கவில்லை கேட்கவில்லை என்று உம்மிடம் அழுதுகொண்டிருந்தேனே, ஒருவேளை அவன் கேட்டுக்கொண்டேதான் இருந்தானோ, சாப்டீயளாம்மா என்று கேட்டபோதெல்லாம் அதைத்தான் கேட்டானோ, நான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று சொல்லிச் சொல்லி அவனைக் கேட்காமல் ஆக்கிவிட்டேனோ. முப்புடாதி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கார்டு சூடாக வந்தது, மெஷினிலிருந்து இறங்கின உடனே, இட்லித்தட்டைத் தொட்ட மாதிரி. அதில் என் முகம், ஆதாரில் உள்ள அதே முகம், யாரோ திட்டின மாதிரி. அவள் அதை என் கையில் கொடுக்காமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருந்தாள். "ஆச்சி, கேக்கேன்னு தப்பா நினைக்காதீய. ஒங்க சீட்டுல அடைப்புன்னு எழுதியிருக்கு. அண்ணன் கேட்டது எனக்கே கேட்டுது, நீங்க கல்லு மாதிரி இருக்கேன்னுட்டீய." நான் கார்டில் இருந்த முகத்தையே பார்த்தேன். "எங்க அம்மையும் இப்படித்தான், நான்தான் மாத்திரை டப்பாவத் தொறந்து பாத்து தெரிஞ்சுக்கிடணும்" என்றாள், கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்து, அட்மிஷன் போடும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும் மறுபடி அந்த நம்பருக்குத்தான் செய்தி போகும், ஓசூரில் இருப்பவருக்குச் சிரமம், பிரியப்பட்டால் போஸ்ட் ஆபீசில் கொடுத்து ஆதாரில் உங்கள் நம்பரையே மாற்றிக்கொள்ளலாம், அப்புறம் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் சொல்கிறாள். சரி என்று சொல்ல நாக்கு எழுந்தது, அதற்கு வழக்கம்தானே, சரி யம்மா, அப்படியே செஞ்சிரு, எனக்கென்ன. நாக்கைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன். அவள் பேனாவை எடுத்துவிட்டாள். வெளியே அடுத்த ஆள் எட்டிப் பார்த்தார், ஒரு நிமிஷம் சார் என்று அவரை நிறுத்தி வைத்தாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இது அடைப்பா, இல்லை வேறா, தெரியவில்லை. என் போனில் ரெண்டை அழுத்திப் பிடித்து, மணி போக ஆரம்பித்ததும் அவள் பக்கம் நீட்டினேன்.

"நம்பர மாத்த வேண்டாம் யம்மா. மணி அடிச்சிட்டுன்னான், வாசல்ல வரிசையில நிப்பான், இன்னும் பெட்டியில வச்சிருக்க மாட்டான். எடுத்தாம்னா நீ சொல்லிரு, அம்மாவுக்கு அடைப்பு, கூட வந்து நிக்கணும்னு. நான் இங்கதான் இருக்கேன். எனக்கு வாய் வரல, நீ சொல்லு."